டெபியனில் ஆளில்லாத பேக்கேஜைப் பொறுப்பேற்பது எப்படி?

வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துக் கல்லூரிகளில் லினக்ஸ் பழகும் பலர், ஓப்பன் சோர்ஸுக்குள் நுழையப் புதிதாக ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையே இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பராமரிக்க ஆளில்லாத பேக்கேஜ்கள் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள்) ஏராளம்.

முதலில் 'டெவ்ஸ்கிரிப்ட்ஸ்' பேக்கேஜை நிறுவி, அதில் வரும் 'டபிள்யூஎன்பிபி-அலர்ட்' கட்டளையை ஓட்டுங்கள். உங்கள் கணினியில் இருப்பவற்றில் எவற்றுக்கு ஆள் தேவை என்று பட்டியல் வரும். 'ஓ' என்றால் பராமரிப்பாளர் கைவிட்டுவிட்டார். 'ஆர்எஃப்ஏ' என்றால் அவரே பார்த்துக்கொண்டு மாற்று ஆள் தேடுகிறார். புதியவர்களுக்கு இதுதான் நல்லது, சந்தேகம் கேட்க ஒருவர் இருப்பார்.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் சின்னப் பேக்கேஜாக எடுங்கள். சித்திரை வெயிலில், பழைய லேப்டாப்பில், பெரிய சி பிளஸ் பிளஸ் புரோகிராமை கம்பைல் செய்தவர்களுக்கு ஏனென்று சொல்ல வேண்டாம். மூல நிரலை எழுதியவர்கள் இன்னும் இயங்குகிறார்களா என்றும் பாருங்கள். அவர்களும் போய்விட்டிருந்தால் பேக்கேஜோடு நிரலும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்து, டெபியன் பக் கண்ட்ரோல் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல்: பட்டியலில் அந்தப் பேக்கேஜுக்கு உள்ள பக் பதிவின் தலைப்பை 'ஐடிஏ' (ஏற்க விரும்புகிறேன்) என்று மாற்றி, உரிமையாளராக உங்களைப் போடச் சொல்லும் இரண்டு வரி போதும். 'ஓ'வும் இல்லை, 'ஆர்எஃப்ஏ'வும் இல்லை, பராமரிப்பாளர் வெறுமனே மௌனமாக இருக்கிறார் என்றால் இந்த வழி செல்லாது. அதற்கு 'ஐடிஎஸ்' (மீட்டெடுக்க விரும்புகிறேன்) என்று தனி நடைமுறை. பக் பதிந்து குறைந்தது 21 நாள் பொறுக்க வேண்டும்.

இப்போது வேலை. பேக்கேஜின் விவரங்கள் உள்ள கண்ட்ரோல் ஃபைலில் பராமரிப்பாளர் இடத்தில், 'ஓ' என்றால் வழக்கமாக 'டெபியன் கியூஏ குரூப்' என்றும், 'ஆர்எஃப்ஏ' என்றால் பழைய பராமரிப்பாளர் பெயரும் இருக்கும். அதை எடுத்துவிட்டு உங்கள் பெயரும் மின்னஞ்சலும். மாற்றங்களைக் குறிக்கும் சேஞ்ச்லாக் ஃபைலில் 'புதிய பராமரிப்பாளர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக் எண்ணை 'குளோசஸ்' என்ற சொல்லோடு சேருங்கள். நம்மூர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு ஃபைலில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தால், பேக்கேஜைச் சோதிக்கும் 'லின்டியன்' கருவி அதை வேறு யாரோ செய்த அப்லோடு என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து, புள்ளி உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும். 'டெப்ஃபுல்நேம்', 'டெப்இமெயில்' இரண்டையும் ஷெல்லில் ஒரு தடவை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பில்டை உங்கள் சிஸ்டத்தில் நேரடியாக ஓட்டாதீர்கள். 'எஸ்பில்ட்' வழியாகச் சுத்தமான சூழலில் ஓட்டுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் லைப்ரரி, கண்ட்ரோல் ஃபைலில் விடுபட்ட சார்பை மறைத்துவிடும்.

அப்லோடு உரிமை உங்களுக்கு இருக்காது. ஜிபிஜி சாவியால் டிஜிட்டல் கையொப்பமிட்டு, புதியவர்களுக்கான மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, ஸ்பான்சர் (உங்களுக்காக அப்லோடு செய்யும் டெபியன் டெவலப்பர்) கேட்டு 'ஆர்எஃப்எஸ்' பக் பதியுங்கள். திருத்தம் சொன்னால் செய்து மறுபடி ஏற்றுங்கள். ஸ்பான்சர் ஏற்றியதும் 'ஐடிஏ' பக் தானாக மூடிக்கொள்ளும். சேஞ்ச்லாகில் மீடியம் அவசரமென்று குறித்திருந்தால் வழக்கமாக 5 நாளில், அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் 'டெஸ்டிங்' பிரிவுக்குப் போகும். இடையில் கடுமையான பக் எதுவும் வராமல் இருந்தால்.