தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை: முதல்முறை மலையேறும் சைக்கிளுக்கு என்னென்ன செய்ய வேண்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பா டவுனைத் தாண்டியதும் தெரியும் கேமரன் மலைத்தொடருக்குச் சைக்கிளில் போக, பந்தய வீரரின் கால்கள் தேவையில்லை. சரியான கியரும் ஒழுங்கான பிரேக்கும் இருந்தால் ஆரம்பநிலையில் இருப்பவரும் போய் வரலாம். இந்த இரண்டும் சரியில்லாமல் கிளம்புகிறவர்கள்தான் பாதி வழியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அல்லது இறக்கத்தில் விழுகிறார்கள். அதனால் கியருக்கும் பிரேக்குக்கும்தான் இங்கே அதிக இடம். ஹெல்மெட், முன்பின் விளக்கு, பங்க்சர் ஒட்டுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பாதை. கேமரன் மலைக்குப் போகும் 59ஆம் எண் கூட்டரசு சாலை 1930களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. மலையின் மடிப்புகளை ஒட்டியே வளைந்து போவதால் வளைவுகள் ஏராளம், செங்குத்து குறைவு. தாப்பா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரிங்லெட் 1,100 மீட்டருக்கு மேல். முதல் பத்துக் கிலோமீட்டர் பெரும்பாலும் சமதரை. மிச்சத்தைக் கணக்குப் போட்டால் சராசரி ஏற்றம் 3 விழுக்காடுதான். சில இடங்களில் 5, 6 வரும். சிம்பாங் பூலாய் பக்கத்துச் சாலை அகலமானது, புதியது. ஆனால் அங்கே ஏற்றம் நீளம், நிழல் குறைவு, கார்களும் வேகமாக வரும். முதல் பயணத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கியர்: எத்தனை பல்?

முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் என்றால் மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஒரே சுற்று. சாதாரண ரோடு சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 70 மிதி போட்டால் மணிக்கு 8.8 கிலோமீட்டர் வேகம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 5 விழுக்காடு ஏற்றத்தில் இதற்குச் சுமார் 110 வாட் போதும். இதையே முன் 39, பின் 25 பல்லில் முயன்றால், மிதியை 60க்குக் குறைத்தாலும் 150 வாட் வேண்டும். ஒரு வளைவுக்கு அந்த 150 வாட்டைத் தந்துவிடலாம். மூன்று மணி நேரத்துக்குத் தர முடியாது. முட்டி வலி தொடங்குவதும் இந்தக் கனத்த கியரில்தான்.

மலை சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ளவற்றில் சிறியது 22லிருந்து 26 பல்லுக்குள் இருக்கும், அது தாராளம். முண்டு டயரைக் கழற்றிவிட்டு 1.5 அல்லது 1.75 அங்குல வழுவழு டயர் மாட்டினால் போதும். புது ரோடு சைக்கிள் வாங்கத் துடிப்பதைவிட இது நல்லது.

ரோடு சைக்கிளில் பின் பல்சக்கரத் தொகுதி 11–28 (சிறிய சக்கரம் 11 பல், பெரியது 28 பல்) என்றால் 11–34ஆக மாற்றுங்கள். பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் தொகுதியை மட்டும் வாங்கி மாட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். மூன்று விஷயம் சேர்ந்து மாற வேண்டும்.

முதலாவது, பின் கியர் மாற்றி. ஷிமானோ 105இன் ஆர்7000 வரிசையில் குட்டைக் கை (சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் பகுதி) உள்ளது 30 பல் வரைதான் தாங்கும், நீளக் கை உள்ளது 34 வரை. உங்களுடையது எது என்று அதன் பின்பக்கத்து எழுத்தைப் பாருங்கள்: எஸ்எஸ் என்றால் குட்டை, ஜிஎஸ் என்றால் நீளம்.

இரண்டாவது, சங்கிலி நீளம். பழைய சங்கிலி பத்தாது. புதுச் சங்கிலியைக் கியர் மாற்றிக்குள் விடாமல், முன்னால் பெரிய சக்கரத்திலும் பின்னால் பெரிய சக்கரத்திலும் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி, அதாவது ஒரு அங்குலம், கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குட்டையாக வெட்டிய சங்கிலி பெரியதுக்குப் பெரியது போகும்போது இறுகி, கியர் மாற்றியையே பிய்த்துவிடும்.

மூன்றாவது, ‘எல்’ என்று குறியிட்ட திருகாணி. பெரிய பல்லைத் தாண்டிச் சங்கிலி உள்ளே போகாமல் தடுப்பது இதுதான். சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, மிதியைச் சுற்றிக்கொண்டே கியர் மாற்றியைக் கையால் உள்பக்கம் அழுத்துங்கள். அதன் மேல் உருளை, பெரிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். அதைத் தாண்டி அசைந்தால் திருகாணியைக் கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். இதை விட்டுவிட்டால், நீங்கள் மிகவும் களைத்துக் கடைசிக் கியரைத் தட்டும் அந்த வளைவில் சங்கிலி கம்பிகளுக்குள் விழும். கம்பி அறுந்தால் அன்றைய பயணம் அத்தோடு சரி.

கடைக்காரர் செய்து கொடுத்தாலும் அந்த அழுத்திப் பார்க்கும் சோதனையை வீட்டில் ஒருமுறை நீங்களே செய்யுங்கள். பிறகு தோட்டத்துச் செம்மண் மேட்டில், உட்கார்ந்து மிதித்தபடி எல்லாக் கியரையும் மாற்றிப் பாருங்கள்.

பிரேக்: இறக்கம்தான் உண்மையான தேர்வு

85 கிலோ எடை 1,100 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 9 லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். வேகமாக இறங்கினால் இதில் பெரும் பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து, பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் கிட்டத்தட்ட எல்லாமே பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ஆரம்பநிலைக்காரர்களின் பிரேக் மட்டும் கருகுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். அடுத்த வளைவு வரை சக்கரம் காற்றில் ஆறட்டும். பார்வை சாலையின் விளிம்பில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். உட்புற மிதி மேலே, வெளிப்புற மிதி கீழே.

சக்கர விளிம்பில் பிடிக்கும் பிரேக் என்றால், புறப்படுவதற்கு முன் ரப்பரிலுள்ள பள்ளங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மாட்டும்போது ரப்பரின் முன்முனை விளிம்பில் முதலில் படுமாறு சற்றுச் சாய்க்க வேண்டும். பின்முனைக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டை வைத்து இறுக்கினால் அந்தச் சாய்வு தானாக வரும், கீச்சொலியும் குறையும். மழையில் இந்த வகை பிரேக் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. வளைவு வருவதற்கு வெகு முன்னதாகவே லேசாகத் தொட்டுத் தண்ணீரை வழித்துவிடுங்கள். கார்பன் விளிம்புள்ள சக்கரத்தை இந்த இறக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள், நீண்ட சூட்டில் அது மென்மையாகிவிடும். அலுமினியமே போதும்.

டிஸ்க் பிரேக்கில் புதுப் பேட் போட்டிருந்தால், மலைக்குப் போகும் முன் சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு ஒரு இருபது முறை குறைத்துப் பழக்குங்கள். பழக்காத பேட் மலையில் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகி வழுக்கும். சூடான டிஸ்க்கைக் கையால் தொடக் கூடாது.

எந்த வகையானாலும், முழுக்க அழுத்தும்போது பிரேக் கைப்பிடிக்கும் ஹேண்டலுக்கும் இடையே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும்.

பிரேக் கழற்றிய ‘லாஜாக்’ சைக்கிளைப் பையன்கள் இந்தச் சாலைக்குக் கொண்டுவந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். இறக்கத்தில் அதை நிறுத்த வழியே கிடையாது.

நேரமும் சாலையும்

கேமரன் மலைக்குள் மதியத்துக்கு மேல் மழை சாதாரணம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடியுடன் கொட்டும். வெளிச்சம் வந்ததும், அதாவது காலை 7 மணியை ஒட்டி, பசியாறிவிட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் ரிங்லெட் போய்ச் சேர்ந்துவிடலாம். பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் வேண்டாம். காய்கறி லோரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் வளைவில் நம் தடத்தையும் எடுத்துக்கொள்ளும். பின்னால் லோரிச் சத்தம் கேட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுவதே மரியாதை. வழி நெடுகச் செமாய் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. அங்கே குழந்தைகளும் நாய்களும் சாலையோரத்தில் இருக்கும், இறக்கத்தில் கூடுதல் கவனம்.

லாத்தா இஸ்கண்டார் அருவி ஏறக்குறைய பாதி வழி. தண்ணீர் வாங்க நம்பத்தக்க இடம் அதுதான், அதற்குப் பிறகு ரிங்லெட்டில்தான். 750 மில்லி பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். அரை மணிக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ போதும். நாசி லெமாக்கைப் பாதியில் சாப்பிட்டால் வயிறு கனக்கும், அதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம். சமதரையில் கால் சுறுசுறுப்பாக இருக்கும், அதை நம்பி விரட்டாதீர்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரி.

மேலே ஆறேழு டிகிரி வரை குளிர்ச்சி கூடும். ஏறும்போது அது சுகம். வியர்த்த சட்டையோடு இறங்கும்போது விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் பையில் இருக்கட்டும்.

பிறகு சேர்த்தவை

கை சிறியவர்கள், குறிப்பாகப் பெண்கள் சிலர், இறக்கத்தில் விரல் எட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலான பிரேக் கைப்பிடிகளில் தூரத்தைக் குறைக்க ஒரு சிறு திருகாணி உண்டு. அதைத் திருப்பிக் கைப்பிடியை அருகே கொண்டுவாருங்கள், பிறகு கேபிளைச் சரிசெய்யுங்கள். இரண்டு விரல் இடம் என்ற விதி அப்போதும் மாறாது.

ஒல்லி வால்வு டியூப் போட்டவர்கள் எண்ணெய் நிலையத்துப் பம்பில் காற்றடிக்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். அந்தப் பம்ப் கார் வால்வுக்கானது. பித்தளையில் ஒரு சிறு மாற்றுமூடி சைக்கிள் கடையில் கிடைக்கும். அதை வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள், தொலையாது.

ரிங்லெட்டையும் தாண்டி மேலே இருக்கும் தானா ராத்தா டவுன் வரை போய் எண்ணிட்ட காட்டுப் பாதைகளில் நடக்கலாமா என்ற கேள்விக்கு: நடக்கலாம், ஆனால் ஏறிய அன்றே வேண்டாம். ஓரிரவு தங்கி, மறுநாள் காலையில் போங்கள். சைக்கிள் காலணி சேற்றில் வழுக்கும், தனிக் காலணி வேண்டும். ஈரக் காட்டில் அட்டை இருக்கும். நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, காலுறையின் மேல் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும். கடித்துவிட்டால் பிய்க்காமல் நகத்தால் அதன் வாயருகே தள்ளி எடுங்கள். சில பாதைகளுக்கு வனத்துறை அனுமதி தேவைப்படும், விடுதியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதைக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அங்கே சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுக்குள் கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.