புகைச் சான்றிதழ் பிரேக்கைப் பார்ப்பதில்லை: மலையகத்தில் மொறிஸ் மைனர் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைநாள் காலை, அம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அழைத்துப்போகும் வழியில், றம்பொடைக்குக் கீழே என் பழைய மொறிஸ் மைனர் காரின் பிரேக் மிதி எந்தத் தடையும் இல்லாமல் தரையைத் தொட்டது. நல்ல வேளையாக இரண்டாம் கியரில் இருந்தேன். இடப்பக்கம் பள்ளமாக இல்லாமல் மலைச்சுவராக இருந்தது. காரைக் கானுக்குள் இறக்கி, மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினேன். அம்மாவுக்குக் காயம் எதுவும் இல்லை. மடியிலிருந்த மருந்துப் பையை இறுகப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. புகைப் பரிசோதனையில் முதல் தடவையிலேயே தேறிய வண்டி அது.

கட்டியிழுத்துப்போன பிறகு எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ் முன்சில்லின் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். பிரேக் லைனர்கள் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தன. “தம்பி, இது இன்றைக்கு உடைந்ததில்லை. மாதக்கணக்காகக் கசிந்திருக்கிறது” என்றார். அந்த மாதங்கள் முழுவதும் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் நம்பியதற்கு ஒரு கடதாசிதான் காரணம். மலையகத்தில் பழைய கார் வைத்திருக்கும் அநேகம் பேர் இன்றும் செய்யும் தவறு அது.

இலங்கையில் 2008 முதல் வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. பஸ், லொறி போன்றவற்றுக்கு அதற்கு மேல் தகுதிச் சான்றிதழும் உண்டு. சொந்தப் பாவனைக்கான காருக்கு அது கேட்கப்படுவதில்லை. புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் போதும். புகைக்குழாயில் கருவியின் முனையைச் செருகி, வெளிவரும் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். அந்தப் பரிசோதனையின் வேலை அவ்வளவுதான்; அதைச் சரியாகவே செய்கிறார்கள். பிரேக், ஸ்டீயரிங், கறள் பற்றி அந்தக் கடதாசி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவற்றைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் உரிமையாளரின் தலையில்தான் இருக்கிறது.

“இங்கிலாந்திலேயே நாற்பது வருடம் தாண்டிய காருக்குப் பரிசோதனை இல்லையே” என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. அங்கே 1960இல் பத்து வருடம் தாண்டிய கார்களுக்குப் பரிசோதனை தொடங்கியபோது அவர்கள் முதலில் பார்த்தவை பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகிய மூன்றும்தான். 1967இலிருந்து மூன்று வருடம் தாண்டினாலே கார் பரிசோதனைக்குப் போக வேண்டியதாயிற்று. 2018இல் நாற்பது வருடம் கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு விலக்கு வந்தது. ஆனால் அந்த விலக்கு பரிசோதனைக்கு மட்டுமே. வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்க வேண்டிய சட்டக் கடமையிலிருந்து அங்கேயும் எவருக்கும் விலக்கில்லை. இங்கிலாந்தின் சமவெளியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் காருக்கும், நானுஓயாவுக்கும் ஹற்றனுக்கும் தினமும் ஏறி இறங்கும் காருக்கும் உள்ள வேறுபாட்டையும் நினைக்க வேண்டும்.

இனி பிரேக். மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக்தான்; நான்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்குகின்றன. இன்றைய கார்களில் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். மைனரில் ஒரு சிலிண்டரின் ரப்பர் கிழிந்தால் நான்கு சில்லுகளிலும் பிரேக் போய்விடும். இதை அறியாமல் “கொஞ்சம் கசிகிறது, எண்ணெய் ஊற்றிக்கொண்டு ஓடலாம்” என்று நினைப்பதைவிட ஆபத்தான எண்ணம் இந்த வண்டியைப் பொறுத்தவரை வேறில்லை.

ஊற்றுவதற்கும் முதலில் பார்க்க வேண்டுமே. மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் பொனட்டுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி, மூடித்தகட்டைக் கழற்றினால்தான் எண்ணெய் மட்டம் தெரியும். பொனட்டைத் திறந்து எஞ்சின் எண்ணெயையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு “எல்லாம் சரி” என்று மூடுபவர் பிரேக் எண்ணெயைப் பார்க்கவேயில்லை. நானும் அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தேன்.

மிதி ஆழமாகப் போவதைப் பழைய காரின் இயல்பு என்று ஏற்றுக்கொள்வது அடுத்த தவறு. மிதி பேசும் மொழி எளிது. முதல் மிதிக்கு ஆழமாகப் போய், உடனே இரண்டாம் முறை மிதிக்கும்போது உயர்ந்து வந்தால், லைனர் தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருக்கிறது. கையால் நெருக்கிச் சரிசெய்ய வேண்டும், இந்த வண்டியில் அது தானாக நடக்காது. பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. இந்த மூன்றையும் வாசலில் நின்றபடி ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகைப் புது எண்ணெய் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளைவரை ஆயிரம் மீற்றருக்கும் மேலான இறக்கத்தைக் காலாலேயே பிடித்துக்கொண்டு வந்தால் டிரம் அந்தச் சூட்டை எண்ணெய்க்குக் கொடுக்கும். எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதியில் பிடிப்பே இருக்காது. வருடம் முழுக்கப் பனியும் தூறலும் உள்ள ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு எண்ணெயையும் மாற்றுவது அவசியம். “எண்ணெய் குறையவில்லையே, எதற்கு மாற்ற வேண்டும்” என்பது இங்கே பொருந்தாத கேள்வி.

இறக்கத்துக்கான கியரை இறக்கம் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் மைனரின் முதல் கியருக்குக் கிடையாது. வேகம் பிடித்தபின் அதைத் திணிக்க முயன்றால் பற்கள் அரைபடும், கியர் விழாது, அந்தச் சில விநாடிகள் வண்டி நியூட்ரலில் பாயும்.

கைப்பிரேக்கைப் பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. மைனரின் முன்சில்லுகளில் இரண்டு லைனர்களும் முன்னோக்கிய சுழற்சியில் டிரம்மைத் தாமாகக் கவ்விக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. முன்னோக்கி ஓடும்போது அது பெரிய பலம். வண்டி பின்னோக்கி உருளும்போது அந்தக் கவ்வல் கிடைக்காது; கால் பிரேக்கின் பிடி வெகுவாகக் குறையும். ஏற்றத்தில், பஸ்ஸுக்கு வழிவிட நின்று, மீண்டும் எடுக்கும்போது வண்டி பின்னால் வழுக்கிப் பயந்தவர்கள் காரணம் புரியாமல் தங்கள் ஓட்டத்தையே குறைசொல்லிக்கொள்வதுண்டு. அந்த இடத்தில் உங்களைத் தாங்குவது கைப்பிரேக். கேபிள் தளர்ந்தால் “கல் வைத்துக்கொள்ளலாம்” என்று விடுவது தோட்டத்துச் சரிவுப் பாதைகளில் எத்தனை ஆபத்தானது என்பதை விளக்கத் தேவையில்லை.

பிரேக்குக்கு அடுத்ததாக என்னை அஞ்சவைப்பது முன்சில்லின் ட்ரனியன். ஸ்டீயரிங் திரும்பும்போது சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை ஒரு மரையாக இந்த ட்ரனியனுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. மரை தேய்ந்து தண்டு கழன்றால் சில்லு மடிந்து, காரின் முன்மூலை தரையில் விழும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளியான, பதினாறு இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட, நான் உயிராக நேசிக்கும் இந்தக் காரின் உண்மையான பலவீனம் இது. காப்பாற்றுவது கிறீஸ் மட்டுமே.

இன்றைய சர்விஸ் நிலையங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் கிறீஸ் நிப்பிளையே (கிறீஸ் அடிக்கும் சிறு முனையை) பார்த்ததில்லை; அது அவர்களின் குற்றமில்லை, புதிய கார்களில் அது இல்லை. அடிப்பகுதியை வேகமான தண்ணீரால் கழுவி அனுப்பிவிடுவார்கள். பளபளப்பாகத் தெரியும், ட்ரனியன் வறண்டிருக்கும். காரை ஜாக்கியில் தூக்கி, சில்லின் மீதுள்ள பாரத்தை விடுவித்து, ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக உள்ள நிப்பிள்களில் பழைய கிறீஸ் பிதுங்கி வெளியேறும்வரை அடிக்க வேண்டும். பாரம் சில்லில் நிற்கும்போது அடித்தால் கிறீஸ் போக வேண்டிய பக்கத்துக்குப் போகாது. தூக்கியிருக்கும்போதே சில்லின் அடியில் ஒரு கம்பி கொடுத்து நெம்பிப் பாருங்கள். தண்டுக்கும் ட்ரனியனுக்கும் இடையில் மேலும் கீழுமான ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டி அன்று வீட்டிலேயே நிற்கட்டும்.

கறளை மறைப்பதும் அநியாயமாகப் பரவியிருக்கிறது. மைனருக்குத் தனியான சட்டகம் இல்லை. உடற்பகுதியே வண்டியின் எலும்பு. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும், பின் ஸ்பிரிங் பூட்டும் இடங்களும், முன்பக்கக் குறுக்குத் தாங்கியும் அரித்துப்போனால் மேலே பூசிய பெயிண்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. பிரித்தானியப் பரிசோதகர்கள் ஸ்பிரிங், ஸ்டீயரிங், பிரேக் போன்றவை பூட்டப்பட்ட இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் தாங்கும் பாகம் அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அளவுகோலை நாமும் எடுத்துக்கொள்ளலாம். புட்டியும் தகரத்துண்டும் வைத்துக் கறுப்புத் தார் பூசிய அடிப்பகுதியைக் கண்டால் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தரமான தகடு கிடைக்காது என்ற சாக்கு எனக்கு ஏற்புடையதல்ல: 1990களில் மைனரின் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அவ்வளவு திறமையான கைகள் உள்ள நாடு இது.

புகைப் பரிசோதனையில் தேறுவதற்காகவே செய்யப்படும் தவறும் உண்டு. காபரேட்டரில் பெற்றோல் வரும் ஜெட்டின் நட்டை மேலே ஏற்றிப் பெற்றோலைக் குறைத்து, சான்றிதழ் கிடைத்ததும் அப்படியே ஓடுகிறார்கள். கலவை மெலிந்த எஞ்சின் கினிகத்தேனை ஏற்றத்தில் சூடேறும், தட்டும், காலப்போக்கில் எக்ஸோஸ்ட் வால்வு எரியும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் டியூன் செய்த கார் இங்கே இயல்பாகவே பெற்றோல் மிகுந்து ஓடும். ஆகவே வண்டி வாழும் உயரத்திலேயே டியூன் செய்யுங்கள். அதற்கு முன், குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் முழுவதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா, ஜெட் கீழேயே சிக்கி நிற்கிறதா, எயார் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தேறாத வண்டிகளில் பல இந்தச் சிறு காரணங்களால்தான் தேறவில்லை. வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 12 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. ஈயமற்ற பெற்றோல் 2002இல் வந்தபின், பழைய சிலிண்டர் ஹெட்டில் வால்வு இருக்கைகள் தேய்ந்து அந்த இடைவெளி தானாகச் சுருங்கும். அதையும் அளக்க வேண்டும்.

அதே உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான் அந்த எல்லையை உயர்த்திப் பிடிப்பவை. வேறு காரின் மூடியைப் பொருத்தி ஓடாதீர்கள்.

டயரில் பூ இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம், அதன் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். மைனரின் பற்றரியில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். புது ரேடியோ, போன் சார்ஜர் பூட்டுமுன் இதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். 1961 வரை வந்த வண்டிகளில் கதவுத் தூணிலிருந்து எழும் சிறு கைதான் திரும்பும் சைகை. அழகானது, ஆனால் ஹக்கலைப் பனிமூட்டத்தில் பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியாது. மின்னும் விளக்கைக் கூடுதலாகப் பூட்டுங்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. ஜப்பானிய எஞ்சின் மாற்றிய மைனர்கள் நிறைய ஓடுகின்றன, ஏற்றத்துக்கு நல்லவைதான். ஆனால் பழைய சிறிய டிரம் பிரேக்கின் மீது கூடுதல் வேகத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும், மாற்றிய எஞ்சினின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்குமுன் பாருங்கள். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது தொழிற்சாலையே முன்பக்க டிரம்மை ஏழு அங்குலத்திலிருந்து எட்டாகப் பெரிதாக்கியது. வாங்கும் நாளில் ஜாக்கி ஒன்றும் டோர்ச் ஒன்றும் கொண்டுபோங்கள். சில்லைத் தூக்கிப் பார்க்க விடாதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.