கிளைடர் காக்பிட் வயரிங்: பாட்டரியிலிருந்து ரேடியோ வரை

நான் பறக்கும் ஜெர்மன் கிளப்பில் குளிர்காலம் என்றால் பட்டறைக் காலம். உறுப்பினர்களே கிளைடர்களை, அதாவது எஞ்சின் இல்லாத விமானங்களைப் பிரித்து, சுத்தம் செய்து, பழுது பார்ப்போம். போன குளிர்காலத்தில் ஒரு பழைய ஃபைபர்கிளாஸ் கிளைடரின் வயரிங்கை முழுக்கப் புதிதாகப் போட்டேன். அதற்கு முன்பு அதில் தரையில் நன்றாக வேலை செய்யும் ரேடியோ, சில மணி நேரம் பறந்தபின் பேசும் பொத்தானை அழுத்தியதும் அணைந்துவிடும். அந்த வேலையில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஒயர் உரிப்பது, மல்டிமீட்டர் பிடிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கையை வைக்கும் முன்பே உங்கள் கிளைடரைப் பரிசோதிக்கும் ஆய்வாளரிடம் பேசிவிடுங்கள். கடைசியில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

1. ஃப்யூஸ் பாட்டரியை ஒட்டியே

7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பாட்டரி சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். மெல்லிய ஒயர் சில நொடிகளில் சிவந்துவிடும். பாட்டரி பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். ஃப்யூஸ் பேனலில் மட்டும் இருந்தால், பின்னாலிருந்து பேனல் வரை உங்கள் உடம்பை ஒட்டி ஓடும் ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அதனால் பாசிட்டிவ் முனையிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். அப்புறம் பேனலில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் கையேடு சொல்லும் அளவில் தனி ஃப்யூஸ். கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் எனக்குப் பிடிக்காது, அதன் பிடி தளரும். காரில் வரும் பிளேடு ஃப்யூஸ் உறுதியானது, எந்த ஊரிலும் கிடைக்கும்.

2. ஒயர்

டெஃப்சல் (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) இன்சுலேஷன் உள்ள, வெள்ளீயம் பூசிய பல இழை ஒயர் வாங்குங்கள். 150 டிகிரி வரை தாங்கும். வீட்டு வயரிங்குக்கான பிவிசி ஒயர் எரிந்தால் வரும் அமிலப் புகையை மூடிய கனோப்பிக்குள் (காக்பிட்டின் கண்ணாடி மூடி) சுவாசிக்க முடியாது. விலை கூடத்தான், ஆனால் ஒரு கிளைடருக்குத் தேவைப்படுவதே சில பத்து மீட்டர்.

பாட்டரியிலிருந்து பேனலுக்கு 18 கேஜ், கருவிகளுக்கு 22 கேஜ் (அமெரிக்க AWG அளவு, எண் கூடினால் ஒயர் மெல்லியது). ஃபைபர்கிளாஸ் உடல் மின்சாரத்தைக் கடத்தாது. காரைப் போல பாடியில் எர்த் எடுக்க வழியில்லை, நெகட்டிவுக்கும் முழு நீள ஒயர் வேண்டும். பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒன்றாக முறுக்கி ஓட்டினால் திசைகாட்டி விலகுவதும் ரேடியோ இரைச்சலும் குறையும்.

3. கிரிம்ப்

ஒயர் முனையில் உலோக முனையை வைத்து அழுத்திப் பிடிக்கச் செய்வதுதான் கிரிம்ப். நான் அதன் பக்கம்தான். சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது முடியும் இடத்தில் ஒயர் விறைத்துவிடும். அதிர்வில் அங்கேதான் ஒடியும். ராட்செட் உள்ள (முழுதாக அழுத்தும்வரை விடாத) கிரிம்பிங் கருவி வாங்குங்கள், சாதாரண பிளையர்ஸ் வேண்டாம். ஒவ்வொரு முனையையும் கிரிம்ப் செய்ததும் நன்றாக இழுத்துப் பாருங்கள்.

4. லோடு வைத்து அளப்பது

என்னை வெகுநேரம் அலைக்கழித்தது இந்தப் படிதான். ரேடியோ இணைப்பில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட், எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் மின்னோட்டமே இல்லாதபோது மோசமான இணைப்பும் முழு வோல்டேஜைக் காட்டும்.

ரேடியோவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காரின் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் பொருத்துங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். ரேடியோ பேசும்போது இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அலைவரிசையில் யாருக்கும் தொந்தரவும் இல்லை. பல்பு எரியும்போது பாட்டரி முனையிலும் பல்பு முனையிலும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். போய்வர 6 மீட்டர் ஒயர் என்றால் 22 கேஜில் 0.56 வோல்ட் போகும், 18 கேஜில் 0.22தான்.

அதைவிட அதிகம் போகிறதென்றால் துண்டு துண்டாகத் தேட வேண்டும். ஃப்யூஸின் இரு பக்கம், சுவிட்சின் இரு பக்கம், ஒவ்வொரு கனெக்டரின் இரு பக்கம் என்று மீட்டரின் இரு முனைகளையும் வைத்துக்கொண்டே போங்கள். நல்ல இணைப்பில் சில நூறில் ஒரு பங்கு வோல்ட்தான் காட்டும். எங்கள் கிளைடரில் பழைய ஃப்யூஸ் பிடியில் மட்டும் அரை வோல்டுக்கு மேல் போனது. பாட்டரி முழு சார்ஜில் இருக்கும்வரை அந்த இழப்பு தெரியவில்லை. அது இறங்கி 12 வோல்டுக்கு வந்ததும் ரேடியோவுக்குப் போதவில்லை. நெகட்டிவ் பக்கத்தையும் இதே போல அளக்க மறக்காதீர்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

5. கட்டுவது

ஸ்டிக் (கையால் பிடித்து ஓட்டும் கோல்), ரட்டர் (வால் சுக்கான்) கேபிள், கட்டுப்பாட்டுக் கம்பிகள் பக்கம் எந்த ஒயரும் தொங்கக் கூடாது. கட்டி முடித்ததும் ஒருவர் ஸ்டிக்கையும் பெடல்களையும் முழு அளவுக்கு எல்லாப் பக்கமும் அசைக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பேனல் தூக்கித் திறக்கும் வகை என்றால் கீல் அருகே கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

பிற்சேர்க்கை: லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், எடை குறைவு. ஆனால் அதற்கு ஆய்வாளரின் ஒப்புதலும் தனி சார்ஜரும் வேண்டும். எடை மாறுவதால் எடைச் சமநிலைக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். அதன் வோல்டேஜ் கடைசிவரை 13 வோல்டை ஒட்டியே நின்று, பிறகு சட்டென்று விழும். வோல்ட்மீட்டரைப் பார்த்து மீதியைக் கணிக்க முடியாது, பறந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு பாட்டரி வைப்பவர்கள் அவற்றை நேரடியாக இணையாகச் சேர்க்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ் போட்டு மாற்று சுவிட்ச் வழியாகக் கொண்டுவாருங்கள்.