சால்மன் வாழும் ஆற்றில் அணைத் தண்ணீரைக் குறைப்பது எப்படி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் சீடர் ஆற்றில், மேலே மேசன்ரி அணையின் தண்ணீர் மின்சாரம் தருகிறது. கீழே லேண்ட்ஸ்பர்க் தடுப்பணையில் சியாட்டில் நகரம் குடிநீர் எடுக்கிறது. சால்மனுக்கு மிஞ்சுவது மீதித் தண்ணீர். தண்ணீர் குறைவதைவிட, அது வேகமாக இறங்குவதுதான் குஞ்சுகளைக் கொல்கிறது.

கணக்கைக் குளிர்காலத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மழை பொய்த்தாலும் தரமுடிந்த நீரளவு எது? அதை முடிவுசெய்த பிறகே செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான முட்டையிடும் பருவத்துக்குத் திறப்பைத் தீர்மானிக்க வேண்டும். அப்போது தாராளமாகத் திறந்தால் சினூக் என்ற சால்மன் வகை முட்டையிடக் கரையோரக் கூழாங்கல்லில் குழி பறிக்கும். பிறகு தண்ணீரை இறக்கினால் முட்டை காய்ந்துவிடும். அதற்காக ரொம்பவும் சுருக்கிவிடவும் கூடாது. எல்லாக் குழிகளும் நடு ஆற்றில் சேர்ந்து, முதல் வெள்ளமே அவற்றை அரித்துக்கொண்டு போய்விடும்.

ஆற்றில் இறங்கி நடந்து, மிக ஆழம் குறைந்த குழிகளைக் குறித்து, மேலே நிற்கும் தண்ணீரை அளவுகோலால் அளந்து வையுங்கள். குளிர்காலத் திறப்புக்கு அந்தக் குழிகளே எல்லை. முட்டையிட்ட நாள் முதல் ஒவ்வொரு நாளின் சராசரி நீர் வெப்பநிலையையும் செல்சியஸில் கூட்டிவந்தால், ஏறத்தாழ 1000 வரும்போது சினூக் குஞ்சுகள் கூழாங்கல்லிலிருந்து வெளியேறும். தண்ணீர் 8 டிகிரியில் இருந்தால் சுமார் 125 நாள்.

அதன்பின் இறக்கும் வேகம்தான் முக்கியம். பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை பகலில் இறக்கவே வேண்டாம்: குஞ்சுகள் அப்போது கற்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும், தண்ணீர் போவதை உணர்ந்து விலகாது. இரவில் மணிக்கு 5 செ.மீ. வரை இறக்கலாம். ஜூன் நடுவுக்குப் பிறகு அக்டோபர் முடியும்வரை, இரவோ பகலோ, மணிக்கு 2.5 செ.மீ. போதும்; அப்போது ஆற்றில் இருக்கும் ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் டிரவுட் மீன்) குஞ்சுகள் மிகச் சிறியவை.

நீர்மட்டத்தை மின்நிலைய வாசலில் அளந்து திருப்திப்படாதீர்கள். குடிநீர் எடுப்பைக் கூட்டினாலும் கீழே மட்டம் இறங்கும். எனவே தடுப்பணைக்குக் கீழுள்ள அளவீட்டு நிலையமே கணக்கு.

மின்நிலையத்தின் டர்பைன் பழுதால் திடீரென நின்றுவிட்டால் (டிரிப் ஆனால்) அதன் வழியே ஆற்றுக்கு வரும் தண்ணீரும் சட்டென நிற்கும். டர்பைனைச் சுற்றித் தண்ணீரை விடும் மாற்றுவழி வால்வு தானாகத் திறக்கிறதா என்று பருவத்துக்கு முன்பே சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் சரிவு குறைந்த கூழாங்கல் திட்டுகளையும் துண்டுபட்ட குட்டைகளையும் நடந்து பாருங்கள். குஞ்சுகள் சிக்கியிருந்தால், அடுத்த முறை அந்த மட்டத்தை நெருங்கும்போது வேகத்தைப் பாதியாக்குங்கள்.