எண்களைச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு

ஒண்ணு, ரெண்டு என்று பத்து வரை கடகடவென ஒப்பிக்கிற குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஐந்து புளியங்கொட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள்: வாய் ஏழுக்குப் போயிருக்கும், விரல் நாலாவது கொட்டையில் நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டபடி எண்ண வையுங்கள். தொட்டு மட்டும் எண்ணினால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடும். (மூன்று வயதுக்குள் என்றால் கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும், பெரிய மூடிகள் போதும்.)

முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அதுவரை ஐந்தைத் தாண்டவே வேண்டாம்.

பிறகு எண் அட்டைகள். 3 என்ற அட்டைமேல் மூன்று கொட்டை. 0 அட்டை காலியாக இருக்கட்டும். 6, 9 இரண்டுக்கும் அடியில் கோடு போடுங்கள், தலைகீழாகப் பிடித்தால் குழம்பும்.

எண்களை எழுதிப் பழக முதலில் தட்டில் பரப்பிய ரவையும் ஆள்காட்டி விரலும்தான். 1, 7, 4 எளிது, 8 கடைசியில். 3, 7 ஆகியவற்றைத் திருப்பி எழுதுவது ஆறு வயதிலும் சகஜம். திட்டாமல், தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

இருபத்தைந்தை 205 என்று எழுதினால், காதில் கேட்டபடி 20, 5 என்று எழுதியிருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டிய இரண்டு குச்சிக் கட்டுகள், ஐந்து உதிரிக் குச்சிகள்; கட்டுகளுக்குக் கீழே 2, உதிரிக்குக் கீழே 5.