குடல் புற்றுநோய் அறுவைக்கு முன் மருத்துவரின் அனுபவத்தை எடைபோடுவது எப்படி?

முதலில், கட்டி பெருங்குடலில் உள்ளதா மலக்குடலில் உள்ளதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மலக்குடல் அறுவையில், குறுகிய இடுப்புக்கூட்டுக்குள், சிறுநீர்ப்பையையும் பாலுறுப்புகளையும் இயக்கும் நரம்புகளைக் காத்தபடி, குடலைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவை உறை கிழியாமல் முழுமையாக எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982இல் விளக்கிய இம்முறை தொடர்ந்த கைப்பழக்கத்தைக் கோருவது.

ஆகவே, "குடல் அறுவை எத்தனை செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காமல், உங்களுக்குரிய அறுவையை அந்த மருத்துவமனையும் அந்த மருத்துவரும் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார்கள் என்று தனித்தனியே கேளுங்கள்; அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை, மரியாதைக்குறைவன்று. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2020இல் மலக்குடல் புற்றுநோய்க்கான பெரிய அறுவைகளுக்கு மருத்துவமனைக்கு 10, மருத்துவருக்கு 5 என ஆண்டுக்குக் குறைந்தபட்ச அளவு வகுத்தது. என் கருத்தில் இது தொடக்க வரம்பு மட்டுமே. நெதர்லாந்து நாடு ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுக்கு 20 கேட்கிறது.

விடையை எடைபோட, 54 ஆய்வுகளையும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் திரட்டிய 2012ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் பன்னாட்டு அமைப்பினுடையது) உதவும். அதிகம் அறுவை செய்யும் மருத்துவமனைகளிலும் மருத்துவர்களிடமும் ஐந்தாண்டு உயிர்வாழ்வு மேம்பட்டிருந்தது. மலக்குடல் நோயாளிகளுக்கு நிரந்தர ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு) வைக்கும் தேவையும் குறைந்திருந்தது. ஆனால் நோயாளிகளின் வயது, நோய்நிலை போன்ற வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தபோது, அறுவையையொட்டிய இறப்புக்கும் மருத்துவமனை செய்யும் அறுவைகளின் எண்ணிக்கைக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. மருத்துவர் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கையோடும் அவரது சிறப்புப் பயிற்சியோடும் தொடர்பு தெரிந்தது. எனவே மருத்துவமனையின் பெயரோடு நிற்காமல், உங்களுக்குக் கத்தி பிடிக்கப்போகிறவர் யார் என்பதையும் அறியுங்கள்.

"சென்ற ஆண்டு ஒருவரும் இறக்கவில்லை" என்ற பதிலில் மட்டும் நிறைவடையாதீர்கள். நூற்றுக்கு ஐவரை இழக்கக்கூடிய ஒருவர் 10 பேருக்கு அறுவை செய்தாலும், ஒரு மரணமும் நேராமலிருக்க ஏறத்தாழ 60 சதவீத வாய்ப்பு உண்டு. பல ஆண்டுகளின் கணக்கையும், குடல் இணைப்பில் கசிவு எத்தனை பேருக்கு ஏற்பட்டது, இரவில் அது நேர்ந்தால் உடனே பார்ப்பவர் யார், அறுவைக்குமுன் பலதுறை மருத்துவர் குழு கூடி முடிவெடுக்கிறதா, புற்றுநோய் பரவியதா என்று அறிய, அகற்றிய பகுதியில் வழக்கமாகக் குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களாவது பரிசோதிக்கப்படுகின்றனவா என்பவற்றையும் கேளுங்கள்.

இந்தத் தேடல் எல்லாம் திட்டமிட்ட அறுவைக்கே பொருந்தும். குடல் அடைத்தோ துளைபட்டோ போனால், எண்ணிக்கை தேடி ஊர் கடக்காமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைக்கே செல்லுங்கள்.