சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் பில்லிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கண் மருத்துவர்களுக்கான கிளெய்ம்களை, அதாவது காப்பீட்டிடம் பணம் கேட்கும் விண்ணப்பங்களை, சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து தயாரிப்பவர்கள் பலர். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் கிளெய்ம்கள் திரும்பி வருவதற்கு முதன்மையான காரணமாக நான் கருதுவது ஒன்றுதான்: எந்த லென்ஸ் என்று பார்ப்பவர்கள், அது எதற்காகக் கண்ணில் வைக்கப்பட்டது என்று பார்ப்பதில்லை.

நோயாளியின் வலது கண்ணில் கருவிழிச் சிராய்ப்பு. வலி குறையவும் காயம் ஆறவும் மருத்துவர் பேண்டேஜ் லென்ஸ் வைத்து, மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பில் ‘லென்ஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் பார்வைத் திருத்த லென்ஸ் பொருத்துவதற்கான சேவைக் குறியீடான 92310-ஐப் போட்டு, பழைய பதிவிலிருந்து கிட்டப்பார்வைக்கான நோய்க் குறியீடு எச்52.13-ஐ எடுத்து இணைத்துவிட்டால், மருத்துவக் காப்பீடு அதை வழக்கமான பார்வைத் திருத்தமாக எண்ணி மறுத்துவிடும். வலியோடு வந்தவர் வீட்டுக்கு முழுத் தொகைக்கான பில் போய்ச் சேரும். இங்கே வர வேண்டியது, கண்ணின் மேற்பரப்பு நோய்ச் சிகிச்சைக்காக லென்ஸ் பொருத்துவதற்கான 92071, வலது கண்ணைக் குறிக்கும் ஆர்டி மாடிஃபயர் (சேவைக் குறியீட்டோடு சேர்க்கும் கூடுதல் குறி), அந்நியப் பொருள் இல்லாத சிராய்ப்புக்கான எஸ்05.01எக்ஸ்ஏ ஆகியவையே. நோயாளி முதன்மையாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரில் இருந்தால், பேண்டேஜ் லென்ஸின் விலை மருத்துவர் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அதற்கென வி2520 என்ற லென்ஸ் குறியீட்டைப் போட்டுத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது.

கருவிழி மெலிந்து கூம்பு போல் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயாளிக்கு லென்ஸ் பொருத்தினால் 92072. இது முதல் பொருத்தலுக்கு மட்டுமே உரியது. பின்தொடர் வருகைகளுக்கு வழக்கமான பரிசோதனைக் குறியீடுகளையே பயன்படுத்த வேண்டும். நோய்க் குறியீட்டில் எந்தக் கண் என்பதும் நோய் நிலையானதா வளர்கிறதா என்பதும் தெரிய வேண்டும். இரு கண்களிலும் நிலையற்ற கெரட்டோகோனஸ் என்றால் எச்18.623. 92071, 92072 ஆகிய இரு பொருத்தல் குறியீடுகளும் 2012-இல் 92070-க்கு மாற்றாக வந்தவை. பழைய டெம்ப்ளேட்டில் 92070 இன்னும் இருந்தால் உடனே நீக்கிவிடுங்கள்.

நோய் எதுவுமின்றிப் பார்வைத் திருத்தத்துக்காக மட்டும் அணியும் லென்ஸுக்கே 92310 பொருந்தும். அது விஎஸ்பி, ஐமெட் போன்ற பார்வைத் திட்டங்களுக்குப் போக வேண்டிய கிளெய்ம். அந்தக் குறியீடு இரு கண்களையும் சேர்த்தே குறிப்பதால் இரண்டு யூனிட் போடுவது தவறு. ஒரு கண்ணுக்கு மட்டும் பொருத்தியிருந்தால், குறைந்த சேவையைக் குறிக்கும் 52 மாடிஃபயரைச் சேர்க்க வேண்டும்.

லென்ஸ் குறியீடுகளில் வி2520 சாதாரண கோள லென்ஸுக்கும், வி2521 சிலிண்டர் பவர் உள்ள டோரிக் லென்ஸுக்கும், வி2522 பைஃபோகல் லென்ஸுக்கும், வி2523 எக்ஸ்டெண்டட் வேர் லென்ஸுக்கும் உரியவை. மாதாந்திர லென்ஸ் என்பதற்காக மட்டும் வி2523 போடுபவர்கள் இருக்கிறார்கள். இரவு உறக்கத்திலும் கழற்றாமல் அணியும்படி மருத்துவர் பரிந்துரைத்திருந்தால்தான் அது பொருந்தும். ஆக்சிஜனை நன்றாகக் கடத்துகிறது என்பதால் சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸை ‘கேஸ் பெர்மியபிள்’ எனும் கடின லென்ஸ் வரிசையான வி2510 முதல் வி2513 வரையிலான குறியீடுகளில் சேர்ப்பதும் பிழை, ஏனெனில் அதுவும் சாஃப்ட் லென்ஸே. மேலும், இக்குறியீடுகளின் விளக்கத்தில் ‘ஒரு லென்ஸுக்கு’ என்றே இருக்கிறது. பெட்டியை ஒரு யூனிட்டாக எண்ணிவிடாமல், அந்தந்தத் திட்டம் எண்ணிக்கையை எப்படிக் கேட்கிறது என்று பார்த்து நிரப்புங்கள்.

மெடிகேர் பார்வைத் திருத்தத்துக்கான லென்ஸுக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. செயற்கை லென்ஸ் வைத்த ஒவ்வொரு கண்புரை அறுவைக்குப் பிறகும் ஒரு கண்ணாடி அல்லது ஒரு ஜோடி கான்டாக்ட் லென்ஸ் தருவதும், இயற்கை லென்ஸே இல்லாத கண்களுக்குத் தருவதும் விதிவிலக்குகள். இந்தக் கிளெய்ம் மருத்துவர் சேவைக்கான வழக்கமான முகவரிக்குப் போகாமல், மருத்துவ உபகரணங்களுக்கான தனி ஒப்பந்ததாரருக்கு, அதாவது டிஎம்இ மேக்குக்குப் போக வேண்டும். அதற்கு அந்தக் கிளினிக் உபகரண வழங்குநராகவும் பதிவு செய்திருக்க வேண்டும். வலது, இடது கண்களை ஆர்டி, எல்டி என்று தனித்தனி வரிகளில் எழுதி, லென்ஸை ஆர்டர் செய்த நாளைப் போடாமல், நோயாளியின் கையில் கொடுத்த நாளையே சேவைத் தேதியாகப் போடுங்கள்.